வாக்லெல்லா அருவியும் ஆறாம் நாள் காய்ச்சலும்

ஹில்ஸ்பரோவிலிருந்து நாய் வளர்க்கும் ஒருவர்:

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் மனைவியும் எங்கள் நான்கு வயது லாப்ரடார் முத்துவை அழைத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள வாக்லெல்லா அருவிக்குச் சென்றுவந்தோம். 189 மீட்டர் உயரமுள்ள மல்ட்னோமா அருவியிலும் வாரில் பிடித்த நாய்க்குத் தடையில்லை. ஆயினும் வார இறுதிக் கூட்டத்தில் முத்துவுக்கு அருவியைவிடப் பிறர் கையிலுள்ள ஐஸ்கிரீம்தான் கண்ணில் படும் என்பதால், 84ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் சற்றுக் கிழக்கே போய், பான்வில் அணைக்கு அருகில் இறங்கினோம்.

போக வர நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான நடைதான். டானர் ஓடையை ஒட்டிச் செல்லும் பாதையில், தொடக்கத்திலேயே மன்ரா என்னும் சிற்றருவி பாலத்தை உரசியபடி விழுகிறது. முத்து அங்கேயே தொப்பலாக நனைந்துவிட்டான். 2017 செப்டம்பரில் ஒரு பட்டாசுப் பொறியால் மூண்ட ஈகிள் கிரீக் தீயில் கருகிய மரங்கள் மேலே நிற்க, கீழே பாசியும் பெரணியும் அவற்றுக்கிடையே மூன்று வெள்ளை இதழ்களோடு ட்ரில்லியம் என்னும் காட்டுப்பூவும் தழைத்திருந்தன. 1973ஆம் ஆண்டு நிலச்சரிவில் உருண்டு வந்த பெரும்பாறைகளைத் தாண்டினால், இரண்டு நிலைகளாக விழும் அருவியின் சாரல் முகத்தில் அறைகிறது. வசந்த காலத்தில் அதன் இரைச்சலில் அருகில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. செங்குத்தான சரிவுகள் உண்டு என்பதால் ஆறடி வாரை ஒரு கணமும் விடாமல் பிடித்திருந்தேன்.

தவறு அதன் பிறகே நேர்ந்தது. திரும்பும் வழியில் கொலம்பியா ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்காக வாரை அவிழ்த்துவிட்டேன். தூண்டில்காரர் எவரோ அறுத்துப் போட்டிருந்த மீன்குடலை முத்து ஒரே வாயில் விழுங்கிவிட்டான். நாய் மீன் தின்பதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் காலையில் அவன் தயிர்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாலைக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுங்காய்ச்சலும் வந்து, கழுத்தில் நெறி கட்டிக்கொண்டது. கால்நடை மருத்துவர் அவனைத் தொட்டுப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "பச்சை மீன் ஏதாவது தின்றானா?" என்பதுதான். நான் இல்லை என்றேன். ஆற்றங்கரையை நினைவுபடுத்தியவள் என் மனைவி.

சால்மன் நஞ்சு என்று இதைச் சொல்கிறார்கள் என்றாலும், மீனில் நஞ்சு ஏதும் இல்லை. இப்பகுதி ஓடைகளில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து ஒரு தட்டைப்புழு சால்மன், ட்ரவுட் போன்ற மீன்களுக்குள் புகுகிறது. அந்தப் புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் நாயைச் சாய்க்கிறது. பூனைக்கு இந்நோய் வருவதில்லை. நாய்க்கோ சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். மலத்தில் புழுவின் முட்டைகளைக் கண்டு உறுதிசெய்தபின், பாக்டீரியாவைக் கொல்லும் டாக்சிசைக்ளினும் புழுவுக்குத் தனி மருந்தும் கொடுத்து, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் அவனாகவே தட்டை நக்கினான். தின்றதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரம் கடந்துவிடுவதால், என்னைப் போல மறந்துவிடுவது எளிது. ஆகவே நாய் கரையில் எதையாவது கவ்வினால் தேதியைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்து நாய் வளர்க்கும் மற்றொருவர்:

எங்கள் கதை இதற்கு நேர்மாறானது: நாய் தப்பித்தது, நாங்கள் அகப்பட்டோம். அதே ஆற்றின் வடகரையில் பிங்கன் ஊருக்குக் கிழக்கே லேபிரின்த் என்றொரு பாதை இருக்கிறது. எரிமலைப் பாறைகளுக்கிடையே ஒரு சிற்றருவியும் ஏப்ரலில் சரிவெங்கும் மஞ்சள் பூக்களும் காணக் கிடைக்கும். அங்கே பாதையோரம் மூன்று மூன்றாகத் துளிர்த்திருந்த, செந்நிறப் பளபளப்புள்ள இலைகளுக்குள் எங்கள் நாய் மனம்போலப் புரண்டது. தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஓக் என்னும் செடி அதுதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அதன் எண்ணெய் நாயின் அடர்ந்த ரோமத்தில் தங்கிவிடுவதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அதை மடியில் வைத்துக் கொஞ்சிய என் மாமியாருக்கோ, இரண்டு நாளில் முழங்கை வரை கொப்புளம் கிளம்பிவிட்டது. "நாய் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்" என்று அவர் இன்றும் சொல்கிறார். அந்தப் பயணத்திலேயே நாயின் காதுக்குப் பின்புறம் இரண்டு உண்ணிகளையும் கண்டெடுத்தோம்.

இப்போதெல்லாம் வண்டியில் ரப்பர் கையுறை, பாத்திரம் துலக்கும் சோப்பு, ஒரு குடம் தண்ணீர், பழைய துண்டு ஆகியவை எப்போதும் இருக்கின்றன. குளிப்பாட்டி முடிக்கும்வரை நாய்க்குப் பின்னிருக்கை கிடையாது. மாமியாரின் மடியோ எப்போதுமே கிடையாது.