நாள்தோறும் அணியும் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர்: கண்ணாடிக்குள் ஈரம் புகுந்துவிட்டதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். துபாயில் நெடுங்காலம் பணியாற்றிய என் தந்தை, அங்கே ஆசையோடு வாங்கிய ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் கைக்கடிகாரத்தை என் திருமண நாளில் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். அதைப் பெட்டியில் பூட்டி வைக்க மனம் வராமல் சென்னையில் தினமும் அலுவலகத்துக்கு அதையே அணிந்து செல்கிறேன். இரு சக்கர வாகனப் பயணம், வியர்வை, கை கழுவும்போது தெறிக்கும் நீர், எதிர்பாராத மழை எல்லாவற்றையும் அது என்னோடு சேர்ந்தே தாங்குகிறது. 50 மீட்டர் வரை நீர் புகாது என்ற குறிப்பை நம்பித்தான் இதுவரை இருந்தேன். ஆனால், ஏசி அறையிலிருந்து வெளியே வந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்ததைப் பார்த்ததிலிருந்து நிம்மதியில்லை. இதைத் தொடர்ந்து அணியலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (இதே கடிகாரத்தை வைத்திருப்பவர், கோவை)

முதலில் அந்த ஆவி வெளிப்புறமா உட்புறமா என்று உறுதி செய்யுங்கள். ஏசியில் குளிர்ந்த கண்ணாடி கடற்கரை நகரத்தின் ஈரக் காற்றைத் தொட்டதும் வெளிப்பக்கம் ஆவி படிவது இயல்பு. கைக்குட்டையால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாவிட்டால் ஈரம் உள்ளேதான் இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க விரும்பினால், கடிகாரம் கையில் இருந்து நன்கு சூடேறிய பின் கண்ணாடியின் மேல் சில சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கிக் கண்ணாடியில் நீர்த்துளி வைத்துப் பார்க்கும் முறையான சோதனையின் எளிய வடிவம்தான் இது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். 3 மணிப் பக்கம், 30 நிமிடக் கணக்கைக் காட்டும் சிறு வட்டத்தின் மேல், நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல் உட்புறத்தில் தெரிந்து, சற்று நேரத்தில் தானாகவே மறைந்துவிட்டது. நேரம் சரியாகவே காட்டுகிறது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அப்படிச் செய்யலாமா?

பதில் (கடிகாரம் பழுது பார்ப்பவர், மதுரை)

தம்பி, அரிசியில் போடாதீர்கள். மூடிய கடிகாரத்தின் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசியால் இழுக்க முடியாது. அதை நம்பிக் காத்திருக்கும் நாள்களில் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். மங்கல் மறைந்தது ஈரம் போய்விட்டதால் அன்று; அது மீண்டும் ஆவியாகி உள்ளேயே நிற்கிறது. வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையரால் சூடு காட்டுவதும் எண்ணெயையும் ரப்பரையும் கெடுக்கும். கிரவுன் எனப்படும், சாவி கொடுக்கும் பக்கத் திருகை வெளியே இழுக்காமல், சாவியும் கொடுக்காமல் அப்படியே வைத்து, இந்த வாரமே பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய தேர்ந்த கைகளிடம் கொடுங்கள்.

50 மீட்டர் என்பது புதிய கடிகாரம் சோதனைக் கூடத்தில், அசைவற்ற நிலையில் தாங்கும் 5 பார் அழுத்தத்தைக் குறிக்கிறது. நீரில் கையை வீசினாலே அழுத்தம் பல மடங்கு கூடிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் கூடும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம், அவ்வளவுதான். உண்மையான எதிரி, காஸ்கெட் எனப்படும் மெல்லிய ரப்பர் வளையத்தின் முதுமைதான். வெப்பம், வியர்வை, சோப்பு, வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்து அதை இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் விளிம்போடு ஒட்டாது.

உங்கள் கடிகாரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. அது கையால் சாவி கொடுக்கும் வகை என்பதால் தினமும் கிரவுன் சுழல்கிறது, உள்ளிருக்கும் வளையமும் தினமும் தேய்கிறது. ரோலெக்ஸ் 1926இல் கொண்டுவந்த ஆய்ஸ்டர் கடிகாரத்தைப் போல அதன் கிரவுன் மரையில் இறுகிப் பூட்டிக்கொள்வதில்லை. வெறுமனே அழுந்தி நிற்கிறது. மங்கல் 3 மணிப் பக்கம் தெரிந்ததால் என் சந்தேகம் கிரவுன் மீதுதான். இனி, கையில் கட்டியபடியே சாவி கொடுக்காமல் கழற்றி, உலர்ந்த விரல்களால் கொடுங்கள். இல்லாவிட்டால் கிரவுனோடு இணைந்த தண்டு பக்கவாட்டில் அழுந்தும். கை ஈரமாக இருக்கும்போது 2 மணி, 4 மணிப் பொத்தான்களைத் தொடவே கூடாது. 1965இல் நாசாவின் சோதனைகளில் தேறிய மாதிரி என்ற பெருமை உண்மையே. ஈரப்பதச் சோதனையும் அவற்றில் இருந்தது. ஆனால் அன்று தேறியவை புதிய வளையங்கள்.

பதில் (வாசகி, சிங்கப்பூர்)

வெந்நீரில் குளிக்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். சூட்டில் உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரிவதோடு, சோப்பு நீர் மிகச் சிறிய இடுக்கிலும் புகும். பயந்துபோய் லாக்கரில் வைத்துவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள், ஏனெனில் அங்கேயும் ரப்பருக்கு வயதாகும். தந்தை கட்டிவிட்டதைக் கையில் அணிவதே அழகு.

கேள்வி கேட்டவர்

ஐயா சொன்னபடி உடனே கொண்டுபோய்க் கொடுத்தேன். டயலும் முள்களும் பழுதில்லாமல் இருந்தன. கிரவுனோடு இணைந்த தண்டில் மட்டும் துரு இப்போதுதான் அரும்பியிருந்தது. உருப்பெருக்கியில் காட்டினார்கள்: கிரவுனின் உள்ளே இருந்த வளையம் தட்டையாகி, ஓரம் வெடித்திருந்தது. தண்டு, கிரவுன், பின்மூடியின் காஸ்கெட், பொத்தான்கள் அனைத்தையும் மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்து கொடுத்தார்கள். இனி மழையில் அணியலாமா? மகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லும்போது கழற்ற வேண்டுமா?

பதில் (மதுரை)

தண்டோடு போனது உங்கள் நல்ல நேரம், தம்பி. மழைக்கும் கை கழுவுவதற்கும் அஞ்ச வேண்டாம். நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். குளத்துக்கு மட்டும் கழற்றிவிடுங்கள். புதிய வளையங்கள் தாங்கக்கூடும் என்றாலும், தந்தையின் கடிகாரத்தை வைத்து அதைச் சோதிக்க வேண்டியதில்லை. 200 மீட்டர் குறியிட்ட எளிய டைவர் கடிகாரம் ஒன்று அந்த வேலைக்குப் போதும். ஆண்டுதோறும் அக்டோபர் மழைக்கு முன் மறுசோதனை செய்துகொள்ளுங்கள். அப்போது காற்றழுத்தச் சோதனையையே முதலில் செய்யச் சொல்லுங்கள். அதில் கடிகாரத்தின் கூடு எவ்வளவு அசைகிறது என்பதை மட்டுமே கருவி அளக்கும் என்பதால், கசிவு இருந்தாலும் உள்ளே நீர் போகாது.