போகிக்கு முந்தின சனிக்கிழமை

[வியாழன், மாலை 6:41]
விஜி (மையம்): எல்லாருக்கும் வணக்கம். இந்த சனிக்கிழமை மறுசுழற்சி மையம் காலை 8லேர்ந்து 12 வரைக்கும். போகி வருது, அதனால வழக்கமா வாங்காத மூணு பொருளும் இந்த ஒரு வாரம் வாங்குறோம்: மெத்தை தலையணை, பிளாஸ்டிக் பாய், டயர். வாசல்ல போட்டுக் கொளுத்தாம கொண்டு வந்துடுங்க.

விஜி (மையம்): இன்னொண்ணு. போன வாரப் பேப்பர் லோடு திரும்பி வந்துடுச்சு. ஈரம்.

லலிதா மாமி 3வது தெரு: ஈரமா? மழையே இல்லையேம்மா

குமார் (தரம் பிரிப்பு): மழை இல்ல மாமி, பால். ரெண்டு வீட்டுப் பையில பேப்பருக்கு நடுவுல கழுவாத பால் கவர் இருந்திருக்கு. கட்டுக்குள்ள வழிஞ்சு ரெண்டு நாள்ல பூஞ்சை. வாங்குறவங்க கட்டுக்குள்ள ஈரமானியைக் குத்திப் பாப்பாங்க. ஈரம் கொஞ்சம்னா எடையில கழிப்பாங்க, நாத்தம் வந்துட்டா லோடையே எடுக்க மாட்டாங்க. ஒரு சாக்கு நனைஞ்சா அதோட அடுக்கின பத்து சாக்கும் போச்சு. வண்டி வாடகை போக வர நம்ம தலையில.

லலிதா மாமி 3வது தெரு: நான் அலம்பித்தான் வெக்கறேன். ஆனா உள்பக்கம் காயவே மாட்டேங்கறது

குமார் (தரம் பிரிப்பு): அலம்பினதும் கவரை மூணு பக்கமும் வெட்டி விரிச்சுடுங்க மாமி. பை மாதிரியே விட்டா உள்ள ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், நாலு நாளானாலும் காயாது. விரிச்சுத் துணி கிளிப்புல மாட்டினா ஒரு ராத்திரி போதும். அலம்பின முதல் தண்ணியை சிங்க்ல ஊத்தாம செடிக்கு ஊத்திடலாம்.

குமார் (தரம் பிரிப்பு): பால் ஊத்தும்போது மூலையைத் துண்டா வெட்டி எடுக்காதீங்க. முக்கால்வாசி கீறி, அந்த முக்கு கவரோடவே தொங்கணும். அந்தத் துணுக்கு நேரா காய்கறிக் குப்பைக்குப் போயிடுது, உரத்தைச் சலிச்சாலும் சல்லடையில நிக்காது. செடித் தொட்டியில வெள்ளையா முக்கோணமாத் தெரியுதுல்ல, அதுதான்.

பிரியா பி-4: நாங்க இந்தத் தெருவுக்குப் புதுசு. பிளாஸ்டிக் தடைன்னாங்களே, பால் கவர் மட்டும் எப்படி?

விஜி (மையம்): 2019 ஜனவரி 1ல வந்த தடையில பால், தயிர், எண்ணெய் கவருக்கு விலக்கு இருக்கு பிரியா. தினமும் வீட்டுக்கு ரெண்டு மூணு வந்துட்டேதான் இருக்கும். நல்ல சரக்கும் அதுதான், ஒரே வகை பாலிதீன். ஆனா ஒரு கிலோ சேர ஏறக்குறைய 400 கவர் வேணும். அதனாலதான் அம்பது அம்பதா மடிச்சு ரப்பர் போட்டுக் கொண்டு வரச் சொல்றது.

பிரியா பி-4: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர்?

குமார் (தரம் பிரிப்பு): கையில கசக்கிப் பாருங்க மேடம். கசக்கினபடியே நின்னா அலுமினியத் தாள், அதைத் தகரம் சாக்குல போடலாம். விட்டதும் விரிஞ்சா பல அடுக்கு பிளாஸ்டிக். வெள்ளி மாதிரி மின்னும், ஆனா அதுல இருக்கிறது மெல்லிசான உலோகப் பூச்சு மட்டுந்தான். அடுக்கைப் பிரிக்க முடியாது, அதனால உருக்கித் திரும்பப் பண்ண மாட்டாங்க. தனிச் சாக்குல சேர்த்து சிமெண்ட் ஆலை சூளைக்கு எரிபொருளா அனுப்புறோம்.

குமார் (தரம் பிரிப்பு): அதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க, நாமதான் வண்டி வெச்சு அனுப்பணும்.

ஸ்டீபன் ஏ-11: இப்பத்தான் கேக்கணும்னு இருந்தேன். காயலான் கடையில பேப்பருக்கும் இரும்புக்கும் காசு குடுக்கறாங்க. உங்ககிட்ட மட்டும் ஏன் சும்மா குடுக்கணும்? சண்டைக்குக் கேக்கல, கணக்குக்குக் கேக்கறேன்

விஜி (மையம்): நியாயமான கேள்வி சார். பித்தளை, இரும்பு, கட்டுப் பேப்பர் எல்லாம் கடையில போட்டாலும் ஒழுங்கா மறுசுழற்சிக்குப் போயிடும், அதுல தப்பே இல்ல. சிக்கல் என்னன்னா காசு வர்றதெல்லாம் கடைக்கும், சிப்ஸ் கவரும் தெர்மோகோலும் மட்டும் எங்களுக்கும் வந்தா மையத்தை மூட வேண்டியதுதான். பேப்பர், அட்டை, தண்ணி பாட்டில் வித்த காசுலதான் ரெண்டு பேர் சம்பளம், இடத்து வாடகை, காசு வராத சரக்கோட வண்டிக்கூலி எல்லாம். மிச்சம் இருந்தா அடுத்த மாசத்துக்கு. மாசம் முதல் வாரம் வரவு செலவை வாசல் போர்டுல ஒட்டுறோம், வந்து பாருங்க.

ஸ்டீபன் ஏ-11: சரிம்மா. எங்க வீட்டு பேப்பர் இனிமே உங்களுக்கு. தெர்மோகோலுக்கு ஏன் அவ்வளவு செலவு?

குமார் (தரம் பிரிப்பு): முழுக்கக் காத்து சார். ஒரு கனமீட்டர் வெறும் 15, 20 கிலோதான் இருக்கும். வண்டி ரொம்பிடும், எடை நிக்காது. டிவி பெட்டியில வர்றதை உடைக்காம கொண்டு வாங்க. உடைச்சா மணி மணியா உதிர்ந்து பேப்பர்ல ஒட்டிக்குது.

[வியாழன், இரவு 8:15]
பிரியா பி-4: தண்ணி பாட்டில் நசுக்கிக் கொண்டு வரணுமா, அப்படியேவா?

குமார் (தரம் பிரிப்பு): மூடியைக் கழட்டி நசுக்குங்க. மூடியோட வந்தா பிரஸ்ல அழுத்தும்போது காத்து போக வழி இல்லாம வெடிக்குது, கட்டு இறுகாது. மூடியைத் தூக்கிப் போடாதீங்க, அது வேற பிளாஸ்டிக், தனி டப்பா இருக்கு. சந்தேகம்னா தண்ணியில போடுங்க: மூடி மிதக்கும், பாட்டில் துண்டு முழுகும். பாட்டிலைச் சுத்தி இறுக்கமா சட்டை மாதிரி லேபிள் இருந்தா அதையும் கிழிச்சுடுங்க. சிலது பிவிசிங்கற வேற பிளாஸ்டிக். பாட்டிலை உருக்குற சூட்டுல பிவிசி தாங்காது, ஆசிட் கக்கி மொத்தப் பிளாஸ்டிக்கையும் பழுப்பாக்கிடும்.

லலிதா மாமி 3வது தெரு: ஜூஸ் வர்ற அட்டை டப்பா?

விஜி (மையம்): வாங்குறோம் மாமி. முக்கால்வாசி அட்டை, மீதி பாலிதீனும் கொஞ்சம் அலுமினியமும். அலம்பி, நாலு காதையும் பிரிச்சு, தட்டையா அமுக்கி. ஸ்ட்ரா உள்ள தள்ளாம.

விஜி (மையம்): ஜனவரிங்கறதால இதையும் சொல்லிடறேன். பழைய காலண்டர் குவியும். மாசக் காலண்டர்ல மேல இருக்கிற தகரப் பட்டையை உருவிடுங்க. தினசரிக் காலண்டர்ல சாமி படம் போட்ட அட்டையில பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது பேப்பரோட சேராது, பல அடுக்கு சாக்குக்குத்தான். நோட்டுப் புத்தகத்துல சுருள் கம்பியை எடுத்தா போதும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிட்டு உக்காராதீங்க, கூழாக்கும்போது தனியா வந்துடும். கடை பில், ஏடிஎம் சீட்டு பேப்பர்ல வேண்டாம், அதுல ரசாயனப் பூச்சு.

ஸ்டீபன் ஏ-11: பேப்பர் கப்?

குமார் (தரம் பிரிப்பு): பேருதான் பேப்பர் சார், உள்ள பிளாஸ்டிக் பூச்சு. வாங்க மாட்டோம். அதே மாதிரி ஜவுளிக்கடைப் பை, துணி மாதிரி இருக்குமே, அதுவும் துணி இல்ல. பாலிபுரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக். துணி மூட்டையில போட்டுடறாங்க, கண்ணை மூடிட்டு தொட்டா பருத்தி மாதிரிதான் இருக்கு. வெளிச்சத்துல பிடிங்க. நெசவு நூல் தெரியாது, புள்ளி புள்ளியா அழுத்தின தடம் தெரியும்.

[வெள்ளி, காலை 7:20]
ரஃபீக் எலக்ட்ரிக்கல்: பேட்டரி பத்தி யாரும் பேசலையே. போன், பவர் பேங்க்ல இருக்கிறது லித்தியம், பசங்க பொம்மை கார் சிலதுலயும் அதுதான். ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டிக் கொண்டு வாங்க. ஒட்டாம சாவியோட, கம்பியோட உரசினா ஷார்ட் ஆகும். பேப்பர் குடோன்ல அது ஒண்ணு போதும்.

பிரியா பி-4: பழைய போன் ஒண்ணு உப்பிப் போய் பின் மூடி தூக்கிட்டு நிக்குது பாய்

ரஃபீக் எலக்ட்ரிக்கல்: அதை அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, ஊசி வெச்சுக் குத்தவே கூடாது. தகர டப்பாவுல காஞ்ச மணல் போட்டு நடுவுல வைங்க. மூடியை இறுக்க வேண்டாம். நேரா என் கையில குடுங்க, மூட்டையில போடாதீங்க. மத்த போன்னா சிம், மெமரி கார்டு எடுத்துட்டு, ஆன் ஆச்சுன்னா ரீசெட் பண்ணிடுங்க.

லலிதா மாமி 3வது தெரு: சுருள் பல்பு நாலஞ்சு கெடக்கு. ஒண்ணு லேசா உடைஞ்சிருக்கு

ரஃபீக் எலக்ட்ரிக்கல்: அதுல சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும் மாமி. உடைஞ்சா ஜன்னலைத் திறந்து விட்டு பத்து நிமிஷம் வெளியில வந்துடணும். துடைப்பம் வேண்டாம், தூள் அதுலயே ஒட்டிக்கும். கெட்டி அட்டையால வாரி, மிச்சத்தை ஒட்டுற டேப்பால ஒத்தி எடுத்து, எல்லாத்தையும் ஊறுகாய் பாட்டில்ல போட்டு மூடி கொண்டு வாங்க. எல்இடி பல்புல பாதரசம் கிடையாது, அது மின்கழிவு டப்பாவுக்கு.

ரஃபீக் எலக்ட்ரிக்கல்: நாளைக்கு ரிப்பேர் மேஜையும் உண்டு, 9லேர்ந்து 11. மிக்ஸி ஓடலன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கவுத்துப் பாருங்க. அடியில சின்னதா சிவப்பு பொத்தான் இருக்கும், லோடு தாங்காம வெளிய தள்ளியிருக்கும். ஆற விட்டு அமுக்கினா பாதி மிக்ஸி ஓடிடும். ஃபேன் மெதுவா சுத்தினா பெரும்பாலும் கெபாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட். அதுக்குப் போய் புது ஃபேன் வாங்காதீங்க.

[வெள்ளி, மாலை 5:05]
ஸ்டீபன் ஏ-11: டயர் எவ்வளவு பெருசு வரைக்கும்?

விஜி (மையம்): சைக்கிள், டூவீலர், கார். உள்ள தண்ணி தேங்கியிருந்தா வீட்டுலயே கொட்டிட்டுக் கொண்டு வாங்க, டெங்கு கொசு அதுலதான் முட்டை விடும்.

விஜி (மையம்): மெத்தையைக் கயிறு போட்டுச் சுருட்டிக் கட்டிக் கொண்டு வரணும். இலவம்பஞ்சு, பருத்திப் பஞ்சுன்னா காய வெச்சு வாங்க, பஞ்சைப் பிரிச்சு அடிச்சுத் திரும்பத் தைக்கிறவங்க எடுத்துக்கறாங்க. ஃபோம் தனி. மூட்டைப்பூச்சி இருந்தா தயவுசெஞ்சு சொல்லிடுங்க, மறைச்சா எல்லா மூட்டைக்கும் பரவிடும்.

லலிதா மாமி 3வது தெரு: கோரைப் பாய்?

குமார் (தரம் பிரிப்பு): அது புல்லு மாமி, எங்களுக்கு வேண்டாம். ஓரத்துத் துணியையும் நைலான் நூலையும் பிரிச்சுட்டு, துண்டு துண்டா வெட்டி செடி அடியில பரப்பிடுங்க. ஈரம் காக்கும். பிளாஸ்டிக் பாய்தான் இங்க கொண்டு வரணும்.

குமார் (தரம் பிரிப்பு): பழைய பருத்தித் துணி துவைச்சுக் கொண்டு வாங்க. பட்டன், ஜிப்பு இருந்தாப் பரவால்ல, நாங்க வெட்டிக்குவோம். போட முடிஞ்சது அலமாரிக்கு, கிழிஞ்சது மெக்கானிக் கடைக்குத் துடைக்கிற துணியா. உள்ளாடை, காலுறை வேண்டாம்.

பிரியா பி-4: டயப்பர், நாப்கின்?

விஜி (மையம்): கூடவே கூடாது. பேப்பர்ல சுத்தி, மேல சிவப்பா ஒரு குறி போட்டு மாநகராட்சி வண்டியில தனியா குடுங்க. இன்சுலின் ஊசியும் அதே மாதிரி. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு, மூடிக்கு டேப் சுத்தி, மேல ஊசின்னு எழுதி, வண்டிக்காரர் கையில சொல்லிக் குடுங்க. மூட்டைக்குள்ள கையை விட்டுத்தான் பிரிக்கிறாங்க, ஊசி கண்ணுக்குத் தெரியாது.

விஜி (மையம்): உடைஞ்ச கண்ணாடி அட்டைப் பெட்டியில, டேப் ஒட்டி, கண்ணாடின்னு எழுதி. மாடி இறங்க முடியாதவங்க இன்னைக்கு ராத்திரி 8க்குள்ள இங்க வீட்டு நம்பர் போடுங்க, மூணு சக்கர வண்டி நாளைக்குக் காலையில 10 மணிக்கு மேல வரும்.

லலிதா மாமி 3வது தெரு: 3வது தெரு, 14. ரெண்டு மூட்டை பேப்பர், ஒரு மெத்தை. பூச்சி இல்லை

விஜி (மையம்): குறிச்சாச்சு மாமி.

[வெள்ளி, இரவு 9:30]
பிரியா பி-4: (படம்) பால்கனி கொடியில பால் கவர் மாட்டியிருக்கேன். இப்படி சரியா?

குமார் (தரம் பிரிப்பு): சூப்பர் மேடம். நல்லா விரிச்சிருக்கீங்க.

குமார் (தரம் பிரிப்பு): இடது பக்கத்துலேர்ந்து மூணாவது கவர், மூலையைக் காணோமே?