மூணு வாரத்துக்கு ஒருதரம் பவளம் வேற குதிரையா மாறிடுறா. என்ன செய்யலாம்?

சிப்புட்_லாயம் | 7 செப்டம்பர், இரவு

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து மாட்டுக்கொட்டகைய வாடகைக்கு எடுத்து மூணு குதிரை வச்சிருக்கேன். சுத்தி செம்பனை. ரெண்டு காயடிச்சது, ஒண்ணு பெட்டை. பெட்டைக்குப் பேரு பவளம், ஒன்பது வயசு, ஈப்போவுல பந்தயம் ஓடி முடிச்சு வந்தவ. மாப்பிள்ளை ஊர்வலம், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க சவாரி, இதுலதான் தீவனச் செலவு ஓடுது.

பிரச்சினை இதுதான். சாதாரண நாள்ல கைக்குழந்தைய உக்கார வச்சாலும் அசையமாட்டா. பருவத்துக்கு வந்துட்டா ஆளே மாறிடுறா. பக்கத்துக் கட்டுல நிக்கிற சோமு மூக்கை நீட்டினாப் போதும், கீச்சுனு ஒரு கத்து, வாலைத் தூக்கி, பின்னங்காலை அகட்டி, சொட்டுச் சொட்டா மூத்திரம். சோமு காயடிச்சதுங்கிறது அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. அவன விட்டுத் தள்ளிக் கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் கனைப்பு. சேணம் போட்டு வாரை இறுக்கினா காதைப் பின்னுக்கு மடிச்சு, என் கைய நோக்கிப் பல்லைக் காட்டுறா.

போன வெள்ளிக்கிழமை என் மகள் தண்ணி வாளியோட பின்பக்கமாப் போயிருக்கு. ஒரே உதை. வாளியோட போச்சு, சாமி புண்ணியம். நீல வாளி, அடியில குளம்பு பட்ட இடம் பிறை மாதிரி பிளந்து கிடக்கு. பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. அந்த வாளியப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

இதுக்கு மருந்து இருக்கா? வித்துடு, வேற காயடிச்சது வாங்குன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு வரல.

தண்டல்_ஐயா

தம்பி, நான் தோட்டத்துல வேலை பாத்துக்கிட்டே நாப்பது வருசம் மாடு வளத்தவன். பசு காளைக்குக் கத்துறதும் இதுவும் ஒண்ணுதான். இன்னிக்குக் கத்தும், நாளைக்குப் புல்லு மேயும். ரெண்டு நாள் தனியாக் கட்டிப் போடுங்க. நிரந்தரமா தீரணும்னா ஒரு குட்டி போட வைங்க. தாயாயிட்டா பொறுப்பு வந்துடும்.

ஈப்போ_லாயக்காரி

ஐயா சொல்றதுல பாதி சரி. பசுவுக்கும் குதிரைக்கும் சுத்து 21 நாள்தான். ஆனா பசு ஒரு நாளுக்குள்ள அடங்கிடும். குதிரை அஞ்சு நாள், ஏழு நாள் வரைக்கும் நிக்கும். முட்டை வெளிய வர்றதே அந்தப் பருவத்தோட கடைசி ஒண்ணு ரெண்டு நாள்லதான். அதனால ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்னு நம்பி மூணாம் நாள் சேணத்தைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, அன்னிக்குத்தான் அவ உச்சத்துல இருப்பா.

வெள்ளைக்காரன் புத்தகத்துல குளிர்காலத்துல பெட்டை ஓய்ஞ்சிடும்னு போட்டிருப்பான். அங்க பகல் குறைஞ்சா முட்டை விடுற சூல்பை தூங்கும். நமக்கு வருசத்துல நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் அரைமணி வித்தியாசம்தான். நான் லாயத்துல பன்னெண்டு வருசம் வேலை பாத்தேன், நம்ம பெட்டைங்கள்ல பல பேருக்கு மார்கழியும் இல்ல, தை மாசமும் இல்ல, வருசம் பூரா சுத்திக்கிட்டே இருக்கும்.

குட்டி போட்டா சரியாயிடும்ங்கிறது ஊர்ப் பேச்சு. சினை பதினோரு மாசம். அது வரைக்கும் அமைதியா இருப்பாதான். குட்டி போட்ட ரெண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி பருவத்துக்கு வந்துடும். அப்ப உங்ககிட்ட ரெண்டு குதிரை இருக்கும், கோவம் மட்டும் அப்படியே இருக்கும்.

அண்ணே, ஒண்ணு கேக்கணும். வாருக்குப் பல்லைக் காட்டுறது பருவத்துல மட்டும்தானா? தேதி எழுதி வச்சிருக்கீங்களா?

தைப்பிங்_குசும்பன்

கர்ப்பப்பைக்குள்ள கோலிக்குண்டு போட்டா பருவமே வராதாமே. எங்க மச்சான் சொன்னான். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு பாக்கெட் ரெண்டு வெள்ளிதான் லா!

ஈப்போ_லாயக்காரி

குசும்பா, கேலிக்குச் சொன்னாலும் அது நிசமாவே செஞ்ச வேலைதான். விளையாடுற கோலி இல்ல, 35 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டை. உடம்பு சினைன்னு நெனச்சு ஏமாறும்னு கணக்கு. பாதிக் குதிரைக்குமேல ஏமாறல. சிலதுக்கு உள்ளேயே உடைஞ்சு, எடுக்க முடியாமக் கிடந்தது. இப்ப நல்ல டாக்டருங்க அந்தப் பக்கமே போறதில்ல. யாரும் வீட்டுல முயற்சி பண்ணிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

செர்டாங்_வாசி

நான் டாக்டர் இல்ல, குதிரை டாக்டர்களுக்கு உதவியாளா இருக்கேன். மருந்து இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. அல்ட்ரெனோஜெஸ்ட்னு எண்ணெய் மாதிரி ஒரு திரவம், தினமும் தீவனத்துல ஊத்தணும். கொடுக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல வால் தூக்குறது நிக்கும். நிறுத்தினா சில நாள்ல திரும்ப வரும்.

ஆனா ஒரு விசயம் கவனமாக் கேளுங்க. அது மனுசத் தோல் வழியா உள்ள போகும். மாதவிலக்கு வர்ற வயசுப் பொண்ணுங்க, மாசமா இருக்கிறவங்க தொடவே கூடாது. ஆம்பளையும் கையுறை போட்டுத்தான் ஊத்தணும். பால்கவர் மாதிரி மெல்லிசு கையுறை போதாது, மருந்து ஊடுருவாதது வேணும். தீவனத் தொட்டி விளிம்புல ஒரு சொட்டு நின்னு, அதைப் பிள்ளை கழுவினா அதுவும் தொட்ட மாதிரிதான். உங்க லாயத்துல யார் தீவனம் வைக்கிறாங்க?

மருந்துக்கு முன்னால சூல்பைய ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. ஒரு சூல்பையில கட்டி வந்தா பெட்டை ஆண்குதிரை மாதிரியே நடந்துக்கும், மத்தது மேல ஏறும், ஓயாமச் சண்டை. அப்படி இருந்தா அந்தச் சூல்பைய எடுத்தாத்தான் தீரும்.

சிப்புட்_லாயம் | 10 செப்டம்பர்

எல்லாருக்கும் நன்றி. மேல ஏறுறதெல்லாம் இல்ல. தீவனம் வைக்கிறது என் வீட்டுக்காரம்மாவும் மகளும். அதனால அந்த எண்ணெய் எங்க லாயத்துக்கு ஆகாது, இப்பவே தெரிஞ்சுபோச்சு.

லாயக்காரி அக்கா தேதி கேட்டதும் நான் முழிச்சேன். மகள் சிரிச்சிட்டு கொட்டகைச் சுவத்துக் காலண்டரக் காட்டுச்சு. வால் தூக்குற நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ஜூலை 22லேருந்து 27, ஆகஸ்ட்டு 12லேருந்து 17, செப்டம்பர் 2லேருந்து 7. அச்சடிச்ச மாதிரி மூணு வாரம். இத்தனை நாளா அந்தக் காலண்டர்ல நான் ராகுகாலம் மட்டும்தான் பாத்திருக்கேன்.

இப்ப குழப்பம். ஆகஸ்ட்டு 24லயும் 31லயும் வாரை இறுக்கும்போது என்னைக் கடிக்க வந்தா. அது எனக்கு நல்லா ஞாபகம், 24ஆம் தேதி சட்டைக் கை கிழிஞ்சது. அந்த ரெண்டு நாளும் புள்ளி இல்ல. ரெண்டும் கல்யாண நாள். ஆனா ஆடி மாசத்துல ரெண்டு தரம் பருவத்துக்கு வந்தும் வாருக்கு ஒரு முணுமுணுப்பு இல்ல. கத்தினா, மூத்திரம் விட்டா, அவ்வளவுதான். ஆடியில கல்யாணம் இல்ல, பிள்ளைங்க சவாரி மட்டும்.

ஈப்போ_லாயக்காரி

அண்ணே, அப்ப இது ரெண்டு வேற வேற கதை. கல்யாணத்தன்னிக்கு என்ன வித்தியாசமாச் செய்றீங்க? சேணம் வேறயா? லோரிப் பயணமா? தீனி எப்ப?

சிப்புட்_லாயம்

சேணம் அதேதான், மேல சரிகைத் துணி மட்டும் போடுவோம். லோரி ஒருமணி நேரம்.

தீனி... சொல்லவே கூச்சமா இருக்கு. முதநாள் ராத்திரியோட நிறுத்திடுவேன். மண்டப வாசல்ல லத்தி போட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியச் சுளிப்பாங்க. காலையில ஏழு மணி ஊர்வலம், திரும்பி வர மத்தியானம் ரெண்டு. அது வரைக்கும் தண்ணி மட்டும்.

செர்டாங்_வாசி

அண்ணே, அங்கதான் இடிக்குது. நமக்குச் சாப்பிட்டாத்தான் வயித்துல அமிலம் அதிகமா ஊறும். குதிரைக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஊறிக்கிட்டே இருக்கும், ஏன்னா அது நாள் பூரா மேயுறதுக்குன்னே பிறந்த பிராணி. ஆறு மணி நேரத்துக்குமேல வயிறு காலியா இருந்தா ஆபத்து. இரைப்பையோட மேல்பாதிக்கு அமிலத்தைத் தாங்குற பூச்சு கிடையாது. காலி வயித்தோட ஓடினா, ஆடினா, அமிலம் மேல தெறிச்சுப் புண்ணாகும். பந்தயக் குதிரைங்கள்ல இது சர்வசாதாரணம். பவளம் வரும்போதே புண்ணோட வந்திருக்கலாம், நீங்க கல்யாணத்துக்குக் கல்யாணம் உப்பைத் தடவியிருக்கீங்க. வாரை இறுக்கினா பல்லைக் காட்டுறது அதோட அடையாளங்கள்ல ஒண்ணு. முதுகுவலி, பொருந்தாத சேணம், அதையும் பாக்கணும்.

கேமரா வச்ச குழாய வயித்துக்குள்ள விட்டுப் பாத்தாத்தான் உறுதி. அதுக்கு முன்னால பதினாறு மணி நேரம் பட்டினி போடச் சொல்வாங்க, அது ஒரு தரம், பரவால்ல.

தைப்பிங்_குசும்பன்

எங்க அப்பா கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் மாத்திரை போடுறாரு. அதையே ஒரு பத்து கொடுத்தா?

செர்டாங்_வாசி

மருந்தோட பேரு அதேதான், ஆனா சும்மா உடைச்சுக் கொடுத்தா வயித்து அமிலமே அதைத் தின்னுடும். குதிரைக்குன்னு பக்குவப்படுத்தின பசை இருக்கு, வாயில பீச்சுறது. எடைக்கு ஏத்த அளவு, வழக்கமா 28 நாள். டாக்டர் சொல்லாம வேண்டாம்.

தண்டல்_ஐயா

பட்டினி போட்ட மாடு முட்டும்னு எங்க அப்பா சொல்வாரு. குதிரைக்கு எனக்குத் தோணாமப் போச்சு.

சிப்புட்_லாயம் | 19 செப்டம்பர்

டாக்டர் வந்தாங்க. சூல்பை ரெண்டும் சுத்தம். சேணம் சரி. குழாய் விட்டு எனக்கும் திரையில காட்டினாங்க. இளஞ்சிவப்பும் வெளுப்புமா ரெண்டு பாகம், நடுவுல வரப்பு மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேல நாலஞ்சு இடத்துல செக்கச் செவேல்னு, நகத்தால கீறின மாதிரி. நான் மகள் பக்கம் திரும்பவே இல்ல.

பசை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தாங்க. விலையக் கேட்டதும் தீவன மூட்டை மேல உக்காந்துட்டேன், அது வேற விசயம். ராத்திரியும் தொட்டியில புல் இருக்கணும், சேணம் போடுறதுக்கு அரைமணி முன்னால ரெண்டு கை உலர்புல் கொடுக்கணும். வயித்துல புல் இருந்தா அமிலம் தெறிக்காதாம்.

பருவத்துக்குச் செய்ய வேண்டியதையும் ஆரம்பிச்சாச்சு. சோமுவை மூணாவது கட்டுக்கு மாத்தி, நடுவுல கிழவன் ராஜாவ நிறுத்தியாச்சு. அவன் எதையும் கண்டுக்கமாட்டான். சிவப்புப் புள்ளி நாள்ல பிள்ளைங்க சவாரி கிடையாது. அந்த நாள்ல பவளத்துக்கிட்ட நான் மட்டும்தான் போவேன், அதுவும் தோள் பக்கமா, குரல் கொடுத்துக்கிட்டே. சும்மா கட்டிப் போடாம வரப்போரமா கையில பிடிச்சு நடத்துறேன், வேலை இருந்தா கத்து குறையுது.

சிப்புட்_லாயம் | 27 அக்டோபர்

கேட்டவங்களுக்காக எழுதுறேன். மறுபடி குழாய் விட்டுப் பாத்தாச்சு, புண் ஆறிடுச்சு. புரட்டாசியில கல்யாணம் இல்லாததும் நல்லதாப் போச்சு.

14லேருந்து 19 வரைக்கும் பருவம். கத்தினா, வாலைத் தூக்கினா, சோமுவைத் தேடி எட்டிப் பாத்தா. எல்லாம் பழையபடிதான், அது அவ குணம். வாரை ரெண்டாவது ஓட்டைக்கு இழுத்தப்ப ஒரு காதை மட்டும் திருப்பினா. பல்லைக் காட்டல.

நேத்து முதல் கல்யாணம். லோரியிலயே புல் வலை கட்டி விட்டேன், தின்னுக்கிட்டே வந்தா. மேளம், வெடிச் சத்தம், மாப்பிள்ளை நல்ல கனம், ஒண்ணுக்கும் அசையல. சரியா மண்டப வாசல்ல, ஆரத்தித் தட்டுக்கு முன்னால நின்னு, வாலைத் தூக்கி, ஒரு கூடை லத்தி. மாப்பிள்ளையோட தாய்மாமன் நல்ல சகுனம்னு சொல்லி எனக்குப் பத்து வெள்ளி கொடுத்தாரு. இப்ப லோரியில ஒரு மண்வெட்டியும் ரெண்டு சாக்கும் நிரந்தரமா கிடக்கு.