சூப்பர் 8-ல் ஹாலிவுட் மியூசிக்கல்: எதைப் பார்த்து வாங்குவது?

கவென்ட்ரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரி பக்கம். தெரிந்தவர் வீட்டைக் காலி செய்தபோது எல்மோ எஸ்டி-1200 என்ற சூப்பர் 8 (8 மில்லிமீட்டர் அகல வீட்டு ஃபிலிம்) ப்ரொஜெக்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பல்பு எரிகிறது, சத்தமும் வருகிறது. அப்பாவுக்கு ஹாலிவுட் மியூசிக்கல்களில், அதாவது பாட்டும் ஆட்டமுமாக வரும் படங்களில், ஆடி நடித்த ஜீன் கெல்லி என்றால் உயிர். அடுத்த மாதம் அவர் இங்கே வரும்போது ஃபிலிமிலேயே ஓட்டிக் காட்ட ஆசை.

ஏலத்தில் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று, அவர் நடித்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ முழுப்படம், நான்கு 600 அடி ரீல். இன்னொன்று 400 அடியில் ஒரு பாட்டுத் தொகுப்பு. முழுப்படத்தின் விலை பல மடங்கு. விற்பவர் இரண்டுக்கும் ‘நல்ல கண்டிஷன்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறார். என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரீல்பெட்டி:
தம்பி, நல்ல மெஷின் கைக்கு வந்திருக்கிறது. ரீல் தேடும் முன் அதைக் கவனியுங்கள். கார்ட்டூனில் சத்தம் கொஞ்சம் ஆடினால் யாருக்கும் தெரியாது, பாட்டில் உடனே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு ரீலில் வயலின் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். சுருதி ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரீலை அல்ல, ஃபிலிமை அழுத்திப் பிடித்து ஓட்டும் ரப்பர் உருளையை. பழைய ரப்பர் கெட்டியாகிவிடும். அதை மாற்றி, ஃபிலிமிலிருந்து சத்தத்தைப் படிக்கும் சவுண்ட் ஹெட்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

அடுத்தது நிறம். மியூசிக்கல் சேர்ப்பவரின் நெஞ்சை உடைப்பது இதுதான். 1952-ல் வந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தை டெக்னிகலர் முறையில் எடுத்தார்கள். கேமராவுக்குள் ஓடியது மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ், அதில் மங்குவதற்குச் சாயமே கிடையாது. நம் கைக்கு வரும் சூப்பர் 8 பிரதியில் சாயம் உண்டு. 1970களில் போட்ட பிரதிகளில் நிறைய, சயான் (நீலப்பச்சைச் சாயம்) முதலில் போய் ரோஸாகிவிட்டன. 80களின் தொடக்கத்தில் கோடாக் மங்காத பிரதி ஃபிலிம் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. டட்லியில் இருந்த, சூப்பர் 8 பிரதிகள் விற்ற டெரான் கடையின் பிற்காலப் பிரதிகளை இன்னும் எல்லாரும் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த கடை, இப்போது இல்லை.

விற்பவரிடம் போட்டோ கேளுங்கள், ஆனால் திரையில் ஓடும்போது எடுத்தது வேண்டாம். போன் கேமரா தானே நிறத்தைத் திருத்திக் காட்டிவிடும். ஃபிலிமை ஒரு முழம் இழுத்து, சன்னல் ஓரம் வெள்ளைத் தாள் மேல் வைத்து, தாளும் சேர்ந்து தெரிய எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காட்சி என்பதும் முக்கியம். ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்றால் பின்பகுதியில் நடிகை சிட் சாரிஸ் பச்சை உடையில் ஆடும் இடம். அந்தப் பச்சை பச்சையாக இருந்தால் மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ விற்கிறவர் கான்சஸ் காட்சியை அனுப்பினால் ஏற்காதீர்கள். அந்தப் பகுதியே செபியா (பழுப்பு நிறம் மட்டும்), அதில் ஒன்றும் தெரியாது. மரகத நகரத்தைக் கேளுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா என்பதையும் கேளுங்கள். வந்தால் ஃபிலிமே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். மற்ற ரீல்களோடு சேர்த்து வைக்கவும் முடியாது.

ஒட்டுகளை மறக்காதீர்கள். சூப்பர் 8 ஃபிலிமின் ஓரத்தில் ஓடும் காந்தப் பட்டையில் பதிந்த சத்தம், படத்துக்கு 18 ஃப்ரேம் முன்னால் இருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட்டத்தில் முக்கால் நொடி. ஃபிலிம் அறுந்து சில ஃப்ரேம் போன இடத்தில் ஒட்டியிருந்தால் முதலில் படம் துள்ளும், முக்கால் நொடி கழித்துத் தாளம் துள்ளும். ஒரே சேதம், இரண்டு துள்ளல். பேச்சுக் காட்சியில் தாங்கலாம், காலால் தாளம் தட்டி ஆடும் ஆட்டத்தின் நடுவில் வந்தால் தாங்காது. ஒட்டு டேப்பால் ஒட்டியது என்றால் பட்டையின் மேல் டேப் ஏறாமல் இருக்க வேண்டும், ஏறினால் அந்த இடத்தில் சத்தம் அமுங்கும்.

லெஸ்டர்காரி:
ரீல்பெட்டி அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். முதல் ரீலுக்கே கலர் வேண்டுமா? ‘டாப் ஹேட்’ (1935) மாதிரி ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் படங்களைத் தேடலாமே. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் பிரதி எடுத்திருந்தால் அது சாயம் இல்லாமல் வெள்ளித் துகளால் ஆன உருவம், ரோஸாகப் போகாது. ஆடும்போது தலை முதல் கால் வரை ஃப்ரேமுக்குள் தெரிய வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தவர். நம்முடைய ஃப்ரேம் அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை, அதிலும் அவர் கால் பேசுகிறது. தொகுப்பு ரீலும் மோசமில்லை. 400 அடி என்றால் 20 நிமிடம், ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

ரீல்பெட்டி:
அஸ்டேர் விஷயத்தில் அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். தொகுப்பில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 20 நிமிடத்துக்குள் கதையைச் சொல்ல வேண்டும் என்று பாட்டின் நடுச்சரணத்தை வெட்டியிருப்பார்கள். கதை போனால் போகட்டும், பாட்டில் கை வைக்கலாமா? பாட்டு முழுசாக இருக்கிறது என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். அப்படி இரண்டு மூன்று பாட்டு மட்டும் உள்ள ரீல், வெட்டிய முழுக்கதையைவிட எனக்கு மேல்.

கவென்ட்ரிவாசி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. வெள்ளைத் தாள் போட்டோ வந்தது. சிட் சாரிஸ் உடை செங்கல் நிறத்தில் இருக்கிறது, ஓரமெல்லாம் ரோஸ். விட்டுவிட்டேன். அதே ஆளிடம் ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ ஸ்கோப் பிரதி இருக்கிறதாம். நிறம் சுத்தமாக இருக்கிறது, வாடையும் இல்லையாம். எல்லாரும் ஒல்லியாகத் தெரிகிறார்கள் என்கிறார். பழுதா?

ரீல்பெட்டி:
பழுது இல்லை, அதுதான் ஸ்கோப். 1954 படம், சினிமாஸ்கோப்பில் எடுத்தது. பிரதியில் அகலத்தைப் பாதியாக நெருக்கியிருக்கும். ப்ரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் 2 மடங்கு விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் வேண்டும். இந்தப் படத்தை ஸ்கோப்பில்தான் வாங்க வேண்டும். களஞ்சியம் கட்டும் ஆட்டத்தில் ஆட்கள் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்பார்கள். ஓரம் வெட்டிய பிரதியில் பாதிப்பேர் காணாமல் போவார்கள். ஜீன் கெல்லி இதில் இல்லை, ஆனால் மைக்கேல் கிட் அமைத்த அந்த ஆட்டத்தை அப்பா நிச்சயம் ரசிப்பார்.

லென்ஸ் கிடைத்ததும் முதலில் ப்ரொஜெக்டரைக் கூர்மைப்படுத்துங்கள், பிறகு லென்ஸை அதன் முன் நேராக நிறுத்துங்கள். படம் சாய்ந்து தெரிந்தால் லென்ஸை மெல்லத் திருப்பி, கதவு நிலை செங்குத்தாக நிற்கும் இடத்தில் திருகை இறுக்கிவிடுங்கள். திரைக்கு உயரத்தைவிட இரண்டரை மடங்கு அகலம் தேவைப்படும், சுவரை இப்போதே அளந்து வையுங்கள்.