காசலின் 11-5-ஐ வைத்து பிரேடியை அளக்காதீர்கள்

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) பற்றிய திரியில் லாடம்18 போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "பிரேடி இல்லாத 2008-ல் பேட்ரியட்ஸ் 11-5. மானிங் இல்லாத 2011-ல் கோல்ட்ஸ் 2-14. யார் அணியைச் சுமந்தார், யாரை அணி சுமந்தது என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?" டாம் பிரேடியும் பெய்டன் மானிங்கும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள்; 11-5 என்றால் 11 வெற்றி, 5 தோல்வி. இதே இரண்டு எண்களை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! அங்கே பதில் எழுதினால் அந்தத் திரி கெடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

முதலில், 11-5 என்பதே காசலின் கணக்கு இல்லை. பிரேடி காயம்பட்டதும் அவர் இடத்தில் ஆடிய மேட் காசல் தொடங்கிய ஆட்டங்கள் 15. அதில் 10 வெற்றி, 5 தோல்வி. சீஃப்ஸுடனான முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் பிரேடி. அந்த வெற்றி பதிவேட்டில் பிரேடியின் பெயரில்தான் இருக்கிறது.

அப்புறம், அந்த அணி எங்கிருந்து அங்கே இறங்கியது? 2007-ல் 16-0, 589 புள்ளிகள். 2008-ல் 410. ரிசீவர்களில் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) ராண்டி மாஸ் இருந்தார், வெஸ் வெல்கர் இருந்தார், கோச் பெலிசிக் இருந்தார். பிரேடி போனதும் 179 புள்ளிகள் போயின. அட்டவணையையும் பாருங்கள். சீஃப்ஸ் 2-14, ராம்ஸ் 2-14, சீஹாக்ஸ் 4-12, ரெய்டர்ஸ் 5-11. மேற்குப் பிரிவு அணிகளோடு ஆடிய 8 ஆட்டங்களில் 7 வெற்றி, மற்ற 8 ஆட்டங்களில் 4-4. கடைசியில் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கே போகவில்லை.

2000 டிராஃப்டில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர் பிரேடி. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். 40 யார்ட் ஓட 5.28 விநாடி எடுத்தவர். உடம்பில் இல்லாததை உழைப்பால் ஈடுகட்டி ஏழு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வென்ற ஒருவரை "அணி சுமந்தது" என்று ஒரு வரியில் ஒதுக்குவது நியாயமே இல்லை.

லாடம்18:
சீஃப்ஸ் ஆட்டத்தில் பிரேடி காயம்பட்டு வெளியேறியது முதல் குவார்ட்டரில். அப்போது ஸ்கோர் 0-0. மாஸுக்கு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) போட்டு 17-10 என்று ஆட்டத்தை முடித்தவர் காசல். அந்த வெற்றியை பிரேடி கணக்கில் எழுதிக்கொள்ள உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

11-5 தான். நூறு தடவை கேட்டாலும் 11-5 தான்.

அந்தக் காசல் யார்? கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். யுஎஸ்சியில் முதலில் கார்சன் பால்மருக்கும் பிறகு மேட் லைனார்ட்டுக்கும் பின்னால் பென்ச்சில் இருந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் தொடங்கிய முதல் ஆட்டமே 2008-ல்தான். அப்படிப்பட்டவரை வைத்து 11 ஆட்டம் வெல்கிற அணி எப்படிப்பட்ட அணியாக இருக்க வேண்டும்? அடுத்த வருடம் பிரேடி திரும்பி வந்தார். என்ன ஆயிற்று? 10-6. பிளேஆஃபில் சொந்த மைதானத்தில் ரேவன்ஸிடம் 33-14 தோல்வி. காசலோடு 11, பிரேடியோடு 10. இதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டீர்கள்?

நடுக்கோடு:
ஒரு சின்னக் கேள்வி. "அணி" என்று இரண்டு பேரும் சொல்லும்போது துணை ஆட்களாக யாரை எண்ணுகிறீர்கள்? ரிசீவர்களை மட்டுமா, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன், டிஃபென்ஸ், கோச் எல்லாரையுமா? பெலிசிக்கைச் சேர்த்தால் ஒரு விடை வருகிறது, சேர்க்காவிட்டால் வேறு விடை. இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்கும்.

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
லாடம், பாதியில் வந்து முடித்தவருக்குத்தான் வெற்றி என்றால் 2001 சீசனின் ஏஎஃப்சி (லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தை ட்ரூ பிளெட்சோவுக்குக் கொடுங்கள். பிட்ஸ்பர்கில் பிரேடி காயம்பட்டு வெளியே போனார், பிளெட்சோ வந்து டேவிட் பாட்டனுக்கு டச்டவுன் போட்டார், 24-17. அதை பிளெட்சோவின் வெற்றி என்று யாரும் எழுதுவதில்லை. தொடங்கியவருக்குத்தான் வெற்றி என்பது லீகின் கணக்கு. உங்களுக்கு வசதியான இடத்தில் மட்டும் அதை மாற்ற முடியாது. 10-5.

காசலையும் ஏதோ தெருவில் போனவர் போல எழுதுகிறீர்கள். அதே அமைப்பில், அதே மீட்டிங் அறையில், பிரேடிக்குப் பக்கத்தில் நான்காவது வருடமாக உட்கார்ந்திருந்தவர். 2010-ல் சீஃப்ஸுக்காக 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறிதல்). அணி 10-6, பிரிவில் முதலிடம், அவருக்கு ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்தில் இடம்.

கோல்ட்ஸ் மானிங்குக்கு மாற்றாக யாரை வைத்திருந்தது? கர்ட்டிஸ் பெயின்டர். அவரை நம்ப முடியாமல், ஓய்வு அறிவித்துவிட்டு வீட்டில் இருந்த கெரி காலின்ஸை ஆகஸ்டில் கூப்பிட்டு வந்தார்கள். அவரும் காயம்பட்டார். கடைசியில் டான் ஒர்லோவ்ஸ்கி வரை போனார்கள். சீசன் முடிந்ததும் நிர்வாகி பில் போலியனையும் கோச் ஜிம் கால்ட்வெல்லையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2-14 என்பது நிர்வாகம் மாற்று ஆளைத் தயார் செய்யாததற்கு விழுந்த அடி. அதை மானிங்கின் கழுத்தில் மாலையாகப் போடுகிறீர்கள்.

லாடம்18:
மானிங் ஒவ்வொரு ஆட்டமும் ஆடினார். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்னால் அவரே டிஃபென்ஸைப் படித்து, அவரே ஆட்டத்தை மாற்றி, லைனுக்கும் அவரே சொன்னார். கோச் செய்ய வேண்டியதில் பாதியை அவரே செய்துகொண்டிருந்தார். அவருக்கு எப்படி மாற்று ஆள் தயார் செய்வது? நியூ ஆர்லியன்ஸில் 62-7 என்று தோற்ற அணியில்தான் ரெஜி வெய்ன் இருந்தார், ஜெஃப் சாட்டர்டே இருந்தார், ட்வைட் ஃப்ரீனி இருந்தார். முந்தைய வருடம் மானிங்கோடு 10-6.

காசலின் 2010-ஐ எடுத்துக்கொண்டீர்கள், 2009-ஐ விட்டுவிட்டீர்கள். பேட்ரியட்ஸை விட்டு வந்த முதல் வருடம் அவருடைய சீஃப்ஸ் 4-12. அதே காசல் பெலிசிக்கிடம் 11-5.

டென்வர் மலை:
லாடம் ஒன்றை மறந்துவிட்டார். 2011-ல் எங்கள் ப்ராங்கோஸ் 8-8. 2012-ல் மானிங் வந்தார், 13-3. அதுவும் கழுத்தில் அத்தனை அறுவை சிகிச்சைக்குப் பிறகு. 2013-ல் 55 டச்டவுன், 5,477 யார்ட், ஐந்தாவது எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) விருது. விட்டுப் போன அணி விழுந்தது, வந்து சேர்ந்த அணி எழுந்தது. இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது.

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
அந்த 55 டச்டவுன் சீசன் எங்கே முடிந்தது என்றும் எழுதுங்கள் டென்வர். சீஹாக்ஸ் 43, ப்ராங்கோஸ் 8. முதல் ஸ்னாப்பே தலைக்கு மேல் போய் சேஃப்டி, எதிரணிக்கு இரண்டு புள்ளி. 2015-ல் கோப்பை வென்றபோது உங்கள் மானிங் அந்த சீசனில் போட்டது 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். அந்த சூப்பர் பவுலின் எம்விபி வான் மில்லர். அணி ஒருவரைச் சுமந்தது என்றால் அதைச் சொல்லுங்கள்.

விட்டுப் போன அணி, வந்து சேர்ந்த அணி என்ற கணக்கைத்தான் நானும் போடப் போகிறேன். 2019-ல் டாம்பா பே 7-9, அப்போதைய குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் 30 இன்டர்செப்ஷன். 2020-ல் 43 வயதில் பிரேடி வந்தார், அதே சீசனில் சூப்பர் பவுல், சீஃப்ஸை 31-9. அந்த வருடம் பிரேடி இல்லாத பேட்ரியட்ஸ் 7-9. 2023-ல் 4-13, பெலிசிக்கும் வெளியே. அமைப்புதான் எல்லாம் செய்தது என்றால் அந்த அமைப்பு ஏன் ஆட்டம் கண்டது?

லாடம்18:
டாம்பாவில் மைக் எவன்ஸும் கிறிஸ் காட்வினும் ஏற்கெனவே இருந்தார்கள். கூடவே கிராங்கோவ்ஸ்கி, அன்டோனியோ பிரவுன், ஃபோர்னெட். அந்த 31-9-ல் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு டச்டவுன்கூடப் போடவிடாமல் அடைத்தது டிஃபென்ஸ். துணை ஆட்கள் பற்றிப் பேசுகிற திரியில் டாம்பாவை எடுத்துக்காட்டாகக் கொண்டுவர உங்களால்தான் முடியும்.

பிரேடியின் முதல் கோப்பை நினைவிருக்கிறதா? ராம்ஸுக்கு எதிராக 20-17. பிரேடி 145 யார்ட். அந்த 20-ல் ஆஃபென்ஸ் போட்ட டச்டவுன் ஒன்றே ஒன்று. இன்னொன்று டை லா இன்டர்செப்ஷனைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டது. கடைசியில் வினாட்டியேரி 48 யார்ட் ஃபீல்ட் கோல். எம்விபி மட்டும் பிரேடிக்கு. பந்தில் காற்று இறக்கிய விவகாரத்துக்கு நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தாரே, 2016? அப்போதும் கரோப்போலோவும் பிரிஸ்ஸெட்டும் 3-1. பேட்ரியட்ஸில் யார் நின்றாலும் வெற்றிதான்.

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
வந்துவிட்டதா பந்துக் காற்று? இதற்காகத்தான் காத்திருந்தேன். போன வருடம் இதே பேச்சை நீங்கள் எடுத்துத்தான் ஒரு நல்ல திரி பூட்டப்பட்டது. நான் மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன், அனுப்பவிடாமல் நிர்வாகியிடம் புகார் கொடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். வாதத்தில் தோற்கும்போது காற்று, எதிரணிச் சைகையைப் படம்பிடித்த கேமரா என்று பேசுவது உங்கள் வழக்கம்.

லாடம்18:
புகார் கொடுத்தது நான் இல்லை. அதை அப்போதே சொன்னேன். நீங்கள் ஒருவரை மரியாதை இல்லாமல் பேசினீர்கள், அதற்குத்தான் பூட்டினார்கள்.

மூன்றாம் டவுன்:
உழைப்பைப் பற்றியும் பேசுவோமே. 1998 டிராஃப்டில் முதல் ஆளாக மானிங், இரண்டாவதாக ரயன் லீஃப். இருவரில் யாரை எடுப்பது என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. லீஃபுக்குக் கை பலம் அதிகம் என்றார்கள். முதல் வருடம் லீஃப் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். மானிங்குக்கும் அந்த வருடம் 28 இன்டர்செப்ஷன், அணி 3-13. ஆனால் அடுத்த வருடமே 13-3. லீஃப் சில வருடங்களில் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். திறமை பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது பிரித்துக் காட்டியது உழைப்புதானே?

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
எட்ஜரின் ஜேம்ஸை 1999-ல் எடுத்தார்களே, அது கணக்கில் வராதா? மார்வின் ஹாரிசன் முன்பே இருந்தார். மானிங் அப்பாவே என்எஃப்எல் குவார்ட்டர்பேக். பந்து பிடிக்கக் கற்ற நாளிலிருந்து வீட்டிலேயே பயிற்சி. முதல் ஆளாக வந்தவர், அவரைச் சுற்றி முதல் சுற்றில் எடுத்த ஆட்கள், ஹாரிசன், ஜேம்ஸ், வெய்ன், டல்லஸ் கிளார்க். பிரேடிக்கு முதல் மூன்று கோப்பைகளில் ட்ராய் பிரவுன், அதில் பிந்தைய இரண்டில் டியான் பிராஞ்சும். நேருக்கு நேர் பிரேடி 11, மானிங் 6. பிளேஆஃபில் பிரேடி 35-13, மானிங் 14-13. ஒவ்வொரு எண்ணும் ஒரே பக்கம்தான் நிற்கிறது.

லாடம்18:
அப்பா பேச்சை எடுத்துவிட்டீர்கள், தம்பியை ஏன் விட்டீர்கள்? ஈலை மானிங் சூப்பர் பவுலில் பிரேடியை இரண்டு முறை வென்றார். நீங்கள் பெருமைப்படும் அந்த 16-0 அணியை 17-14 என்று வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான்.

2007 ஜனவரி பற்றியும் இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை. ஏஎஃப்சி இறுதி ஆட்டம், பேட்ரியட்ஸ் 21-3 முன்னிலை. மானிங் அங்கிருந்து திருப்பி 38-34 வென்றார், அடுத்து சூப்பர் பவுலும் வென்றார். அன்றைக்கு எதிரே நின்றது காசல் இல்லை, பிரேடி. காசல் நின்ற 2008-லும் மானிங் 18-15 என்று வென்றார். உங்கள் அணிக்கு யார் நின்றாலும் மானிங் வென்றிருக்கிறார்.

நடுக்கோடு:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கோச் சேர்த்தியா, இல்லையா?

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
அந்த ஜனவரி ஆட்டம் 2006 சீசனுடையது. அதைக் கேட்டுவிட்டீர்கள், கேளுங்கள். அந்த சீசன் தொடங்கும்போது டியான் பிராஞ்சை சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். டேவிட் கிவன்ஸ் டைட்டன்ஸுக்குப் போய்விட்டார். பிரேடியின் முதல் ரிசீவர் ரெச்சே கால்ட்வெல். அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லாதபோது கைக்கு வந்த பந்தை அவர் விட்டார், உலகமே பார்த்தது. மானிங்குக்கு அன்று ஹாரிசன், வெய்ன், கிளார்க் மூவரும். அப்படியும் நான்கு புள்ளி வித்தியாசம்தான். ரிசீவர்களை இடம் மாற்றிப் போட்டிருந்தால் அந்த வருடம் மானிங்குக்குக் கோப்பை மோதிரமே இல்லை.

லாடம்18:
தோற்றால் கால்ட்வெல் பந்தை விட்டார், வென்றால் பிரேடியின் உழைப்பு. பேட்ரியட்ஸ் அன்று 34 புள்ளி எடுத்தது, அதில் பாதிக்கு மேல் முதல் பாதியிலேயே. 21-3 முன்னிலையை வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கத் தெரியவில்லை. மானிங்குக்குத் தெரிந்தது.

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
28-3-லிருந்து திரும்பி வந்தது யார் என்று அட்லாண்டா ரசிகர்களைப் போய்க் கேளுங்கள். ஓவர்டைமில் 34-28. சூப்பர் பவுலில் அப்படித் திரும்பியவர் வேறு யாரும் இல்லை. மானிங் கோல்ட்ஸை விட்டுப் போன வருடமே ஆண்ட்ரூ லக் என்ற புதுப் பையன் அதே அணியை 11-5-க்குக் கொண்டுபோனாரே, அதற்கு ஏன் வாயே திறக்கவில்லை?

லாடம்18:
லக் அந்த டிராஃப்டின் முதல் ஆள். கோச் புதியவர், பொது மேலாளர் புதியவர், பாதி அணி புதியது. அதை "அதே அணி" என்று எழுதுகிறவரோடு நான் என்ன பேசுவது? காசல் ஆடியது நிஜமாகவே அதே அணியில். மாஸ், வெல்கர், பெலிசிக் என்று நீங்களே பட்டியல் போட்டீர்கள்.

ஃபாக்ஸ்பரோ பித்தன்:
போட்டேன். 410 புள்ளி என்றும் அதே பத்தியில் போட்டேன். அந்த 179 எங்கே போனது என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.