'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' ஆல்பத்தை எந்த மிக்ஸில் கேட்டீர்கள்?

ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்த புதிதில், இந்த ஊர் பேண்ட் ஆயிற்றே என்று ஸீ ஸீ டாப்பின் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' பழைய சிடி ஒன்றை வாங்கினேன். கிதார் உடனே பிடித்துவிட்டது. டிரம்ஸ் மட்டும் மனதில் ஒட்டவே இல்லை. 1973-இல் வந்த ஆல்பத்தில் எண்பதுகளின் எதிரொலி எப்படி?

அப்புறம் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் அதே ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டு கிடைத்தது. அட்டையைப் பிரித்தால் உள்ளே முழுக்க டெக்ஸ்-மெக்ஸ் (டெக்ஸஸ்-மெக்ஸிகோ கலவை) சாப்பாடு, சீஸ் உருகி வழிகிறது! ஊசியை வைத்தேன். 'லா கிரேஞ்ச்' பாட்டின் தொடக்கத்தில் பில்லி கிப்பன்ஸ் கிதாரை அடக்கி வாசிக்க, ஃபிராங்க் பியர்ட் டிரம் விளிம்பில் குச்சியால் தட்டுகிறார். எதிரொலி துளியும் இல்லை. என் மேஜையில் தட்டுவது போல இருந்தது. பிறகு மொத்த டிரம்ஸும் இறங்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

சிடிக்காக 1987-இல் மறுபடி மிக்ஸ் செய்தபோது, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை மறுபடி சேர்த்தபோது, டிரம்ஸை மாற்றியிருக்கிறார்கள். மெம்பிஸின் ஆர்டென்ட் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் டெர்ரி மேனிங் கவனித்துச் செய்த வேலை அதில் காணாமல் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. முந்தைய ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் 104-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை, இது 8-ஆம் இடம் வரை போனது. அந்த வெற்றியைத் தந்த சத்தத்தில் கை வைக்கலாமா?

* * *

அண்ணா, நான் இருப்பது ஆஸ்டினில். ஹூஸ்டன் வரும்போதெல்லாம் 71-ஆம் நெடுஞ்சாலையில் லா கிரேஞ்ச் ஊரைத் தாண்டித்தான் வருவேன். 'லா கிரேஞ்ச்' பாட்டில் வரும் 'சிக்கன் ரேஞ்ச்' என்ற விபச்சார விடுதி அங்கேதான் இருந்தது. ஹூஸ்டன் டிவி நிருபர் மார்வின் ஸிண்ட்லர் அம்பலப்படுத்தியதால், ஆல்பம் வந்த சில நாட்களிலேயே அதை மூடிவிட்டார்கள்.

எனக்கு முதல் இரண்டு பாட்டும்தான் உயிர். நடுவில் இடைவெளியே கிடையாது, ஒன்று முடிகிற தாளத்திலேயே அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காரில் போனிலிருந்து இரண்டாவது பாட்டு மட்டும் தனியாக வந்தது. மாடிப்படியில் ஒரு படி இல்லாதது போலத் தடுக்கியது. எல்பியில் நான் கேட்டதே இல்லை.

* * *

தம்பி, சிடி என்றால் 2006-இல் வந்ததைப் பார்த்து வாங்குங்கள், அதில் பழைய மிக்ஸ்தான். எல்பிக்கு அடுத்த முறை வரும்போது வீட்டுக்கு வாருங்கள். முதல் பக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு.