அப்டேட்: ஐடி வேலைய விட்டுட்டு ஃபெல்லோஷிப் போலாமான்னு கேட்டிருந்தேனே

கல்வி என்ஜிஓ ஒண்ணுல ஃபெல்லோஷிப் கிடைச்சிருக்கு, சம்பளம் பாதியாயிடும், போலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். நிறைய பேர் வேணாம்னீங்க, நான் சேந்துட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டம், தளி பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளில சொல்லிக் குடுக்குற வேலை.

வீட்ல கன்னடமோ தெலுங்கோ பேசுற பசங்கதான் அதிகம், அதனால முதல் மாசம் நான்தான் அவங்ககிட்ட கத்துக்கிட்டேன். சின்னப் பசங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கத்துக்குடுக்குற தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பசங்க படிப்புல இருக்குற நிலைய வச்சு பிரிக்கிறாங்கல்ல, அது உண்மையிலேயே நல்ல ஐடியா, ஆனா ஒரே ரூம்ல மூணு நிலையும் உக்காந்திருக்கும்போது ஒருத்தரே சமாளிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

முந்நூத்தி அஞ்சு எழுதுடான்னா ஒருத்தன் 3005னு எழுதுறான், ஏன்னா காதுல விழுந்தபடி மொதல்ல 300, பக்கத்துல 5, அவன் லாஜிக் சரிதானே! துடைப்பக் குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு, பத்து கட்ட சேத்து நூறாக்கி, மூணு நூறுக் கட்டும் அஞ்சு தனிக் குச்சியும் கைல குடுத்ததும் அவனே ஒரு சைபர அழிச்சிட்டான்.

கடுப்பாகுறது ரிப்போர்ட் வேலைதான், ராத்திரி எக்செல் நிரப்புறதுலயே போயிடுது. ஸ்டைபண்டும் ஒரு தடவ லேட்டு. கைல கொஞ்சம் சேமிப்பு இல்லாம யாரும் வராதீங்க.